கங்கில் வாட்டிய ஈரல்

ஆமத்தூரில் முயல்கறி வேண்டுமென்றால் காளீஸ்வரன் பண்ணைக்குத்தான் போகவேண்டும். பதினெட்டு வருசம் பட்டாசுக் கம்பெனியில் இருந்தவர், பக்கத்து ஷெட் வெடித்ததைப் பார்த்த பிறகு உயிர் பிழைத்தால் போதுமென்று முயல் வளர்க்க வந்தார். தீவன மூட்டையை எலி கடிக்காமலிருக்க ஒரு பூனையும் வைத்துக்கொண்டார். அது தீவனத்தின்மேலேயே படுத்துக் கிடக்கும், அங்கேயே அசிங்கமும் பண்ணும். அது நல்லதில்லை என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"பூனைதானண்ணே, என்ன செஞ்சிரப் போகுது?" என்றார். மனுசன் சொன்னால் கேட்கிற ஆளில்லை.

சிவகாசியில் கட்டிக்கொடுத்த அவர் மகள் பாண்டிமீனா மாசமாக இருந்தபோது ரத்தம் குறைவு என்றார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு ஈரலை அடுப்புக் கங்கில் லேசாக வாட்டிக் கொடுப்பார்கள். நன்றாக வெந்துவிட்டால் சத்துப் போய்விடுமாம். வாரம் இரண்டு தடவை முயல் ஈரலோடு சிவகாசிக்குப் பஸ் ஏறி, அவரே வாட்டிக் கொடுத்தார். அவள் முகம் சுளித்தால், "கண்ண மூடிக்கிட்டு முழுங்கு தாயி" என்பார்.

ஐந்தாம் மாதத்தில் பிள்ளை தங்கவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கப் போனவர் இவர்தான். ஒட்டுண்ணிக் கிருமி என்றார் டாக்டரம்மா. பூனையின் கழிவிலிருந்து முயலுக்கும், வேகாத கறியிலிருந்து மனிதருக்கும் வருமாம். பெரும்பாலும் அந்த ஈரலாகத்தான் இருக்கும் என்றாராம்.

மாமியார் கருப்பம்மாளோ, மூன்றாம் மாதம் வரை மருமகள் பட்டாசு வேலைக்குப் போனதுதான் காரணமென்று தெருவெல்லாம் சொன்னாள். "வெடிமருந்த மோந்து மோந்தே பிள்ளையக் கரைச்சிட்டா!"

காளீஸ்வரன் பூனையைத் துரத்தினார். கறி வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "நல்லா வேக வச்சுச் சாப்பிடுங்க" என்றார். சொல்லவேண்டிய வீட்டில் மட்டும் சொல்லவில்லை. இதை அவர் என்னிடம் சொன்ன அன்று நான் கன்னாபின்னாவென்று திட்டினேன்.

இரண்டு வருசம் கழித்து பாண்டிமீனா மறுபடி மாசமானாள். போனவாரம் துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு, வெறுங்கையோடு மகள் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்றபடியே, "சம்பந்தி, எம்மக மேல தப்பில்ல. நான் குடுத்த ஈரல்தான்..." என்று முழுவதையும் சொல்லி அழுதார். கருப்பம்மாள் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள்.

பாண்டிமீனா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ப்பா. டாக்டரம்மா எங்கிட்டயும் சொன்னாக. நீங்களாச் சொல்லுவீகன்னுதான் இம்புட்டு நாளும் பேச்சு வாங்கிக்கிட்டு இருந்தேன்."