அட்டைக்குள் போன ஆடு

எங்கள் பள்ளிக்கு ஒரு பெட்டி நிறையப் படக்கதைப் புத்தகங்கள் வந்தபோது நான் செய்த முதல் காரியம், கடைக்குப் போய் பிரவுன் ஷீட் வாங்கி வந்ததுதான். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் என் பொறுப்பு. ஆம்பூரைச் சுற்றியுள்ள ஷூ கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிற அம்மாக்களின் பிள்ளைகள்தான் பாதிக்கு மேல். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவார்கள். கோபம் வந்தால் அதே புத்தகத்தைப் பக்கத்துப் பிள்ளையின் தலையில் போடுவார்கள். புதுப் புத்தகம் ஒரு மாதம் தாங்காது என்று எனக்குத் தெரியும்.

நான் வளர்ந்த வீட்டில் அட்டை போடாத புத்தகத்தைத் தொட்டால் அடி விழும். அக்கா படித்தது எனக்கு வரும், நான் படித்தது தம்பிக்குப் போகும். அந்தப் பழக்கம் கையிலேயே ஊறிவிட்டது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் தரையில் உட்கார்ந்து நாற்பது புத்தகத்துக்கும் அட்டை போட்டேன். மேலே வெள்ளைச் சீட்டு ஒட்டி, என் குண்டு கையெழுத்தில் கதையின் பெயரையும் வரிசை எண்ணையும் எழுதினேன். தலைமையாசிரியை பார்த்துவிட்டு, "உன் கை பட்டா எல்லாமே நீட்டா ஆயிடுது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். பெட்டியைப் பிரித்த அன்று ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தவள், திடீரென்று சத்தமாகச் சிரித்தாள். "மிஸ், ஆடு பாவாடைய துன்னுது!" கொடியில் காய்கிற துணிகளை ஒவ்வொன்றாகத் தின்று தீர்க்கிற ஆட்டின் கதை அது. அன்று முழுவதும் அந்தப் புத்தகத்தை அவள் கீழே வைக்கவில்லை.

அட்டை போட்ட பிறகு முதல் நூலக வேளை. அவள் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினாள், திறந்து பார்த்தாள், திரும்ப வைத்தாள். அடுத்ததை உருவினாள். பத்துப் புத்தகம் போவதற்குள் பெல் அடித்துவிட்டது. "ஒண்ண எடுத்தா ஒழுங்கா உக்காந்து பாக்க மாட்டியா?" என்று அதட்டினேன். அடுத்த வாரமும் அப்படியே செய்தாள், அப்போதும் திட்டு வாங்கினாள். மூன்றாவது வாரம் அலமாரி பக்கமே வரவில்லை. இவளுக்கு ஆர்வம் இல்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். முடிவு கட்டுவதில் எனக்கு எப்போதுமே அவசரம்.

அந்த வாரம் அவளுடைய அம்மா கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு வந்தார். பேக்கிங் செக்ஷனில் வேலை. கழுத்தில் ஐடி கார்டு அப்படியே தொங்கியது. "எப்படி டீச்சர் படிக்கிறா?" என்று கேட்டார்.

"ஆர்வமே இல்லைம்மா. புக்க எடுக்குறா, வைக்கிறா. இவளுக்கெல்லாம் படிப்பு வர்றது கஷ்டம்தான்" என்றேன். அந்தப் பெண் அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தாள். நான் குரலைக்கூடத் தணிக்கவில்லை.

அம்மா அலமாரியிலிருந்து இரண்டு புத்தகங்களை எடுத்து மாற்றி மாற்றிப் பார்த்தார். "எல்லாம் ஒரே மாதிரி இருக்குதே டீச்சர். எதுல இன்னா கதை இருக்குதுன்னு புள்ளைங்க எப்படிப் பாத்து எடுக்கும்?"

"பேர் எழுதியிருக்கேனே" என்றேன் வெடுக்கென்று.

"படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு சரி. எங்க கம்பெனில டப்பா மேல ஷூ படம் ஒட்டியிருக்கும். எனக்கு இங்கிலீஷ் வராது. படத்தப் பாத்துதான் எடுத்து அடுக்குறேன். ஒண்ணுகூட மாறாது" என்றார். என்னைக் குத்திக்காட்டச் சொன்னதல்ல, வேலை எப்படி நடக்கிறது என்று சொன்னார், அவ்வளவுதான். நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பெட்டி கட்டுகிறவர் வந்து எனக்குப் பாடம் நடத்துவதா? கோபம் தணிந்து அலமாரியைப் பார்த்தபோது அவமானமாக இருந்தது. எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே அடையாளத்தை மூடிவிட்டு, அதன் மேல் எழுத்தை எழுதி வைத்திருக்கிறேன். அவள் அந்த இரண்டு வாரமும் ஆட்டைத்தான் தேடியிருக்கிறாள். அன்று பள்ளி விட்டதும் உட்கார்ந்து நாற்பது அட்டையையும் கிழித்துப் போட்டேன்.

மறுநாள் அலமாரியைப் பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள். இழுபறியில் ஒரு புத்தகம் கிழிந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் மட்டும் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆட்டுப் புத்தகத்தை நானே எடுத்துப் போய் நீட்டினேன். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம் மிஸ். எனக்குப் படிப்பு வராது."

அழுகை இல்லை, கோபம் இல்லை. வீட்டு விலாசத்தைச் சொல்வது மாதிரி சொன்னாள். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "அப்படிச் சொன்னது நான்தான். தெரியாம சொல்லிட்டேன். நான் சொன்னது தப்பு. உனக்கு நல்லா வரும்" என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தை வாங்கவில்லை. "அம்மாகிட்ட சொல்லுங்க மிஸ். அம்மா ராத்திரி அழுதுச்சு."

அன்று சாயங்காலம் கம்பெனி வேன் நிற்கிற இடத்துக்கு அவளோடு போனேன். வேன் வந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் இறங்கினார்கள். அவள் அம்மாவிடம் ஓடவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அம்மாவுக்கு எதிரில் நிறுத்தினாள்.

"இப்ப சொல்லுங்க மிஸ்" என்றாள்.