பக்கெட்டின் மேல் பரிவட்டம்

சென்ற வெள்ளிக்கிழமை மாலை, எங்கள் வலங்கைமான் வீட்டின் ஸ்டோர் ரூமில் ஒரு பக்கெட் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

மிகையில்லை. குத்துவிளக்குக்குத் திரி எடுக்கப் போனேன். மூலையிலிருந்து ‘பொளக்... பொளக்...’ என்று சத்தம். எலியோ, அதைத் தேடி வந்த பாம்போ என்று பின்வாங்கி விளக்கைப் போட்டேன். வெள்ளை பிளாஸ்டிக் பக்கெட். அதன் வாயில் ஒரு துணி கட்டியிருந்தது. துணி மெல்ல உப்பியது, தணிந்தது.

அருகில் சென்றபோதுதான் அடையாளம் தெரிந்தது. அந்தத் துணி — சுவாமி திருமேனியில் சாத்தி, திருவிழாவில் என் தலையில் கட்டப்பெற்ற பரிவட்டம். பூஜை அறையில் வைத்து நான் நாள்தோறும் கண்ணில் ஒற்றிக்கொள்வது.

“கார்த்தி!” என்றேன்.

மகன் வந்தான். பெங்களூரு வேலையை விட்டுவிட்டு, அடுத்த மாதம் கனடா போக இருக்கிறவன். அதற்கான போலீஸ் சான்றிதழ்தான் இன்னும் வரவில்லை.

“என்னடா இது?”

“பீருப்பா. யூடியூப் பாத்து சும்மா ட்ரை பண்ணேன்.”

“அந்தத் துணி?”

“வீட்லயே அதுதாம்ப்பா ரொம்ப சுத்தமா இருந்துச்சு. கிருமி பட்டா மொத்தமும் கெட்டுடும்.”

சுத்தத்தை அவன் தேடியது சரியான இடத்தில்தான்!

வீட்டில் மது காய்ச்சுவது குற்றம்; வழக்கு என்று வந்தால் சான்றிதழ் கிடைக்காது. அதுவும் அன்று தேவாரப் பதிகம் பாடும் எங்கள் குழு கூடுவது என் வீட்டில். குழுவில் கணீர்க் குரல் தங்கவேலுவுடையது. மதுவிலக்குப் பிரிவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் முன்னால் வருபவரும் அவரே.

வாசலில் செருப்பு கழற்றும் ஓசை.

“கொட்டுடா!”

“இப்பக் கொட்டினா வீடே நாறும்ப்பா.”

“அப்ப மூடியைப் போட்டு இறுக்கு!”

“கேஸ் ஏறி வெடிச்சிடும். துணிதான் கட்டணும். இல்லேன்னா ஈ விழும்.”

“ஈயைப் பத்திக் கவலைப்படுற நேரமாடா இது?”

திறந்தால் வாடை. இறுக்கினால் வெடி. அப்படியே விட்டால்... இறைவன் ஆடை கள்ளின் மேல்!

தோளில் கிடந்த மேல்துண்டை உருவினேன். பரிவட்டத்தை அவிழ்த்தேன், துண்டைக் கட்டினேன். எண்ணிப் பாருங்கள்... வெங்காயம்கூடத் தொடாத நான், என் கையாலேயே பீருக்குத் துணி கட்டினேன்.

கூடத்தில் தங்கவேலு பாயில் அமர்ந்திருந்தார். மூக்கை உறிஞ்சினார்.

“என்னங்கய்யா, ஏதோ புளிச்ச வாடை?”

“இட்லி மாவுங்க... பொங்கிடுச்சு.”

பாடத் திறக்க வேண்டிய வாய், பொய்யோடு திறந்தது.

அவர் என் வெறும் தோளைப் பார்த்தார். ஸ்டோர் ரூம் கதவை மறைத்து நின்ற கார்த்தியைப் பார்த்தார். பிறகு தாளத்தைக் கையில் எடுத்தார்.

மற்றவர்களும் வந்ததும், அச்சம் தீரப் பாடும் பதிகம்தான் பாடினோம். மூச்சு வாங்கும் இடைவெளிதோறும் உள்ளிருந்து ‘பொளக்’. நான் இரண்டு அடிகளைத் தவறவிட்டேன். அனைத்தும் அறிபவன் என்று நாளும் யாரைப் பாடுகிறேனோ, அவனுக்கு அஞ்சித் துணியை மட்டும்தான் மாற்றினேன். ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவர் மூக்கை உறிஞ்சியதும் பொய்யே சொல்லிவிட்டேனே! நம் பக்தியின் அளவு இவ்வளவுதானா?

சுண்டல் வாங்கிக்கொண்டு எல்லாரும் கிளம்பினர். தங்கவேலு மட்டும் வாசலில் நின்றார். கணீர்க் குரல் தாழ்ந்தது.

“தம்பிக்கு போலீஸ் சான்றிதழ் வந்துடுச்சுங்களா?”

“இன்னும் இல்லைங்க.”

“வரட்டும், வரட்டும். மாவை மட்டும் இன்னைக்கே கொட்டிடச் சொல்லுங்க. அதுவரைக்கும் மூடியை இறுக்கிடாதீங்க... நான் பாத்திருக்கேன், கூரை வரைக்கும் தெறிக்கும்.”

அன்றே தென்னை மரத்தடியில் எல்லாம் கொட்டியாயிற்று. பரிவட்டத்தைக் குடமுருட்டி ஆற்றில் அலசி, மீண்டும் பூஜை அறையில் வைத்துவிட்டேன்.

சான்றிதழ் இன்னும் வரவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும்... தோளில் துண்டு இருக்கிறதா என்று என் கை தானாகத் தடவிப் பார்க்கிறது!