ஐஸ் வைக்காதே, ஷந்தவீலி

ஐஸ் வைக்காதே என்று ஒரு மனிதனுக்கு எத்தனை தடவைதான் சொல்வது? எங்கள் தஃபீதா தொண்டை வற்றச் சொன்னாள். ஸகாஸீக் நகரக் கசாப்புக்கூடத்து ஷந்தவீலி தலையைத் தலையை ஆட்டினார். நல்ல மனிதர். அதுதான் தொல்லையே.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் தஃபீதாவின் வேலை எருமை முட்டையோடு. கண்ணுக்குத் தெரியாத முட்டை. அறுத்த எருமையின் சூலகத்தை உடல் சூடு ஆறாமல் குடுவையில் கொண்டுவந்து, முட்டையை எடுத்து, ஒரு ராப்பகல் முதிர வைப்பாள். முதிராத முட்டையில் மைட்டோகாண்ட்ரியா எல்லாம் ஓரத்தில் ஒண்டிக்கிடக்கும். முதிர முதிர உள்ளே பரவும். வேறு சில நுண்மணிகளோ நடுவிலிருந்து கிளம்பி விளிம்பில் போய் வரிசை கட்டும். இந்த இடமாற்றத்தைப் படம் பிடித்தால் அவளுக்கு முனைவர் பட்டம். குளிர் பட்டால் முட்டை காலி. இரவல் வாங்கிய நுண்ணோக்கியோ வியாழக்கிழமை கெய்ரோவுக்குத் திரும்புகிறது. அதோடு பட்டமும் போய்விடும்.

திங்கட்கிழமை ஷந்தவீலி கொண்டுவந்த குடுவையைத் திறந்தால் உள்ளே ஐஸ்கட்டி.

"ஏங்க, படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"இந்த வெயில்ல நாத்தம் புடிச்சதையா உங்க கையில குடுக்கிறது, டாக்டரம்மா? ஊரு என்னைக் காறித் துப்பாதா?"

செவ்வாய்க்கிழமை குடுவைக்குள் ஐஸ் இல்லை. ஐஸ் பெட்டிக்குள் குடுவை இருந்தது.

"உள்ள வைக்காதேன்னீங்க. வெளியதானே வச்சேன்!"

தஃபீதா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அந்த ஆளைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது.

புதன்கிழமை அவளே போனாள். ரத்தச் சேற்றில் நின்று சூலகங்களை வாங்கி, குடுவையை மடியில் அணைத்தபடி வேனில் வந்தாள்.

வியாழன் மதியம் என்னை இழுத்துப்போய்க் காட்டினாள். மின்னும் புள்ளிகள் ஓரத்தை விட்டு முட்டை முழுக்கப் பரவியிருந்தன. படம் எடுத்து முடித்ததும் விம்மி விம்மி அழுதாள். நானும் அழுதேன்.

சாயங்காலம் ஷந்தவீலி கதவைத் தட்டினார். பட்டம் வரப்போகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். கையில் ஒரு பொட்டலம். அறைக்குள் வருமுன்னே வாடை வந்துவிட்டது.

"எருமை ஈரல், டாக்டரம்மா. காலையில அறுத்தது." முகமெல்லாம் சிரிப்பு. "உங்களுக்குன்னு சூடு ஆறாம நெஞ்சோட வச்சு எடுத்தாந்தேன். சத்தியமா ஐஸ் வைக்கல."