கண்ணாடிக்குள் நின்ற அம்மா

வாழைப்பட்டையில் வைத்துத் தைத்த மல்லிகை மொட்டுகளின் ஈரம் முதுகுவழியே இறங்கிப் பாவாடை நாடாவில் வந்து நின்றதுதான் அந்த நாளைப் பற்றி எனக்கு முதலில் ஞாபகம் வருவது. சாய்ந்தால் மொட்டு நசுங்கிவிடும் என்று, அவிநாசிபாளையத்திலிருந்து திருப்பூர் வரைக்கும் அம்மா என்னை பஸ் சீட்டின் நுனியில் உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் தன் கையைக் குறுக்கே கொடுத்துக்கொண்டே வந்தாள்.

எனக்கு அம்மை போட்டுப் பிழைத்ததற்காகப் பழனி முருகனுக்கு என் முடியைக் கொடுப்பதாக அம்மா வேண்டியிருந்தாள். இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. அது போவதற்கு முன்னால் "பூ ஜடை" தைத்து ஒரு போட்டோ பிடித்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. அப்போதெல்லாம் பெண்பிள்ளைகளை அப்படித்தான் படம் பிடிப்பார்கள். பிள்ளை முன்னால் பார்த்து நிற்கும், முதுகுக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை வைப்பார்கள், முகமும் ஜடையும் ஒரே படத்தில் விழுந்துவிடும்.

அம்மா மட்டும் எந்தப் படத்திலும் நின்றதில்லை. எங்களுடையது தறி வீடு. கல்யாணமான புதிதில் பாவு நூலை விறைப்பாக்கப் போடும் கஞ்சியைக் காய்ச்சும்போது அது கொதித்துத் தெறித்து அவளுடைய இடது கன்னம் காதுவரைக்கும் சுருங்கிப்போயிருந்தது. சந்தைக்கும் கோயிலுக்கும் அந்த முகத்தோடுதான் போனாள், யாருக்கும் மறைத்ததில்லை. ஆனால் சொந்தத்தில் கல்யாணம் முடிந்து "குரூப் போட்டோ"வுக்கு நாற்காலி போட ஆரம்பித்தால், அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு எழுந்து போய்விடுவாள். மாமா கல்யாணப் படத்தில் பெரியவர்கள் உட்கார்ந்து, ஆண்கள் பின்னால் நின்று, பிள்ளைகள் தரையில் சம்மணம் போட்டு எல்லோரும் இருக்கிறோம், அவள் இல்லை. "உங்கூட்டுப் பால் இன்னும் பொங்கலீங்களா அண்ணி?" என்று அத்தை கேலி செய்வாள்.

ஸ்டூடியோக்காரரை எல்லோரும் "பாய்" என்றுதான் கூப்பிடுவார்கள். மாடிப்படி வரைந்த திரைக்கு முன்னால் என்னை நிறுத்தி, பூ ஜாடியின்மேல் ஒரு கையை வைக்கச் சொல்லி, கண்ணாடியை ஜடை தெரிகிற மாதிரி ஒருபக்கமாகத் திருப்பினார். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கோ, வேற்று மனிதர் முன்னால் தலை தானாகக் குனிந்துகொள்ளும். அவர் நிமிரச் சொல்லும்போது நிமிர்வேன், அவர் காமிராவின் கறுப்புத் துணிக்குள் புகுந்ததும் தலை மறுபடி கீழே போய்விடும். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பாப்பா தரையில் எதைத் தொலைத்தது என்று மட்டும் கேட்டார், அதில் கூச்சம் இன்னும் அதிகமாகிவிட்டது. மொட்டுகள் வேறு விரிய ஆரம்பித்திருந்தன. கடைசியில் அம்மாவே உள்ளே வந்து, காமிராவுக்குச் சற்றுத் தள்ளி நின்று, கையைத் தூக்கி, "அம்மிணி, இங்க பாரு கண்ணு, என்னையப் பாரு" என்றாள். பார்த்தேன். பாய் பிடித்துவிட்டார்.

பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்த பிறகுதான் படம் வாங்கப் போனோம், அப்பாவும் கூட வந்தார். படத்தில் நான் நிமிர்ந்து நிற்கிறேன். பின்னால் கண்ணாடியில் ஜடை நீளமாகத் தெரிகிறது. ஜடைக்குப் பக்கத்தில், அதே கண்ணாடியில், கை தூக்கிய அம்மா. கன்னத்துச் சுருக்கம்கூடத் தெளிவாக விழுந்திருந்தது.

துணிக்குள் இருந்ததால் பிள்ளையின் முகத்தை மட்டுமே கவனித்ததாக பாய் தானாகவே முந்திக்கொண்டு சொன்னார். மறுபடி பிடிக்கலாமென்றால் என் தலையில் சந்தனம்தான் இருந்தது. படத்தில் அந்த இடத்தைக் கறுப்பாக்கி அம்மாவை எடுத்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்றார். அதுவே சரி என்றார் அப்பாவும், அவள் மனசு கஷ்டப்படுமே என்றுதான். அம்மா படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். படத்தில் தன்னை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அழுதுவிடுவாளோ என்று எனக்கு பயம், என்னால்தானே உள்ளே வந்தாள்.

"அழிக்க வேண்டாமுங்க பாய்," என்றாள். "எம் புள்ள பாத்தது என்னையத்தானுங்க. இருந்துட்டுப் போறேன்."

 பஸ் ஏறும்போது அப்பா, "பால் பொங்கீருச்சாட்ட இருக்குது" என்றார். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் அவள் எந்தக் குரூப்பிலும் நிற்கவில்லை, பழையபடி பால்தான். அவள் இறந்துபோனபோது அவள் இருக்கிற படம் என்று வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். கண்ணாடிக்குள் இருந்தவளை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டோம். வாய் பாதி திறந்து யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

இப்போது திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் மகன் வீட்டில் இருக்கிறேன், படமும் இங்கேதான் மாட்டியிருக்கிறது. கீழே நிட்டிங் மிஷின் ஓட்டுகிற வடநாட்டுப் பையன்கள் டீ நேரத்தில் போனை நீட்டிப் பிடித்துத் தங்களைத் தாங்களே படம் எடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள், அவர்களை நிமிரச் சொல்ல யாரும் வேண்டியதில்லை. ஸ்டூடியோ இருந்த இடத்தில் பனியன் கடை வந்துவிட்டது. போன வாரம் பேத்தி சுவரைப் பார்த்துவிட்டு, "அப்பாயி, உங்கம்மாவுக்கு வலது கன்னந்தானுங்க வெந்துபோச்சு?" என்று கேட்டாள். அது கண்ணாடியில் இடவலம் மாறி விழுந்த முகம் என்பது அந்தச் சட்டத்தை மட்டும் பார்க்கிறவர்களுக்குத் தெரிய வழியில்லை. அப்பா, அத்தை, பாய் எல்லோரும் போய்விட்டார்கள். அந்த முகத்தை நேரில் பார்த்தவள் நான் ஒருத்திதான் மிச்சம். அதனால் எழுதி வைக்கிறேன்: இடது கன்னம்.