வௌவால் கத்தாத சாயங்காலம்

ஊர்க் கோயிலின் பேய்க்கோபுரத்துப் பொந்துகளிலிருந்து வௌவால்கள் கிளம்பும் நேரம். கோபுரத்துக்குப் பின்னாலிருந்த எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அக்கா தலையைச் சாய்த்துக் காது கொடுத்து உட்கார்ந்திருப்பாள். எழுபதுகளின் கடைசி. சென்னையில் விலங்கியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தவளைக் காசநோய் ஊருக்குத் திருப்பி அனுப்பியிருந்தது. தினம் ஓர் ஊசி. ஆனாலும் ஆய்வை அவள் விடவில்லை. விடியற்காலையில் கொல்லைப் புன்னைமரத்துக் குண்டுகரிச்சான் குருவி, சாயங்காலம் வௌவால். இரண்டின் குரலையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கை நடுங்கும் என்பதால், சொல்லச் சொல்ல நோட்டில் எழுதியவள் நான்.

“குருவி அடுத்தவங்க காதுல விழணும்னு பாடுதுடி. வௌவால் தன் சத்தம் திரும்பி வர்றதக் கேட்டுதான் வழி கண்டுபிடிக்குது. அதுல முக்காவாசி நம்ம காதுக்கு எட்டாது. எட்டற கொஞ்சத்தைத்தான் எழுதறோம்” என்பாள். அப்படிப் பேசும்போது அவள் முகத்தில் நோய் இருக்காது.

ஒருநாள், தலைக்கு மேல் வௌவால்கள் கீச்சிட்டுக்கொண்டு பறக்கையில் கேட்டாள்: “என்னடி, இன்னிக்கு ஒண்ணுகூட கத்தல?”

“ஆமாங்கா, கத்தல” என்றேன். நோட்டில் ‘சத்தமில்லை’ என்று எழுதினேன். அவளுக்கு மிஞ்சியிருந்தது அந்த நோட்டு ஒன்றுதான் என்று அப்போது தோன்றியது. மறுநாளும், அதற்கடுத்த வாரங்களிலும் அதையே எழுதினேன். குண்டுகரிச்சான் பாட்டு அவளுக்கு நன்றாகவே கேட்டது. அதனால் பயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு காலையில், அந்தக் குருவி வாயைத் திறந்து திறந்து மூடுவதையே பார்த்தபடி அசையாமல் நின்றாள். பிறகு தன் காதருகே விரலைச் சொடுக்கிப் பார்த்தாள்.

“கீச்சுச் சத்தம் எப்பலேருந்து கேக்கல?” என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. “ரெண்டு மாசம் இருக்கும் சார்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “இந்த ஊசி சிலருக்குக் காதுல கோளாறு பண்ணும். கீச்சுச் சத்தந்தான் முதல்ல போகும். அப்பவே வந்து சொல்லியிருந்தா மருந்த மாத்தியிருப்பேனேம்மா. இனிமே போனது வராது.”

அக்கா என் கையைப் பிடித்து உலுக்கினாள். தன் குரலின் அளவு தெரியாமல், வெளியே காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, “என்னடி சொல்றாரு?” என்று கத்தினாள்.

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன்: ‘போகப் போக சரியாயிடுமாம்.’

படித்துவிட்டு, டாக்டரைப் பார்த்துக் கைகூப்பினாள்.