இராசமலருக்குப் புதுக் கிளாஸ்

இராசமலரைப்போல ஒரு சந்தேகப் பிராணியைச் சண்டிலிப்பாய்ப் பக்கம் முழுக்கத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. தோட்டங்களில் மரக்கறி வாங்கித் திருநெல்வேலிச் சந்தையில் விற்பது அவளுடைய தொழில். தராசுத் தட்டின் அடியைத் தடவிப் பார்க்காமல் ஒரு கத்தரிக்காய்கூட வாங்கமாட்டாள். யாராவது அவளைப் பார்த்துச் சிரித்தால், என்ன அலுவலுக்குச் சிரிக்கிறான் என்று வீடு வந்து சேரும்வரை யோசிப்பாள். புருஷன் சிமியோன் அதற்கு நேர்மாறு. புகையிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்துவிட்டு, தந்ததை வாங்கிக்கொண்டு, தந்தவனை வாழ்த்திவிட்டு வருகிற ஆள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. அவள் பிறந்த சாதிக்கு ஊர்க் கிணற்றில் அள்ள உரிமை இல்லை; யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நிற்கவேண்டும். தோட்டக்கார வீடுகளில் தேத்தண்ணி கொடுப்பார்கள். தேங்காய்ச் சிரட்டையில் கொடுப்பார்கள். குடித்து முடிந்ததும் அந்தச் சிரட்டையை வேலிக்கு அப்பால் எறிந்துவிட வேண்டும். ‘குடி பிள்ளை, களைச்சுப் போனாய்’ என்று அன்பாய்ச் சொல்லிக்கொண்டே அதைக் கொடுப்பார்கள் என்பதுதான் விசேஷம். இப்படி வளர்ந்தவள் அன்பைக் கண்டால் பயப்படாமல் வேறென்ன செய்வாள்?

சிமியோனைக் கலியாணம் முடித்த ஐம்பத்தாறாம் ஆண்டில் இரண்டு பேரும் ஒரு குறுகலான ஒழுங்கைக்குள் இருந்த சின்ன லுத்தரன் கோயிலில் சேர்ந்தார்கள். இங்கே சாதி கிடையாது என்று உபதேசியார் சொல்லியிருந்தார். இராசமலர் உள்ளே எட்டிப் பார்த்தாள். முன்னுக்கு உட்கார மர வாங்குகள், கடைசியில் ஒரு பாய். சாதி இல்லையென்றால் பாய் யாருக்கு என்று கேட்டாள். எல்லாம் மெல்ல மெல்ல மாறும் என்றார் உபதேசியார். திராட்சரசம் கொடுக்கிற திருவிருந்து நாட்களில் வாங்கில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வெள்ளிக் கிண்ணத்தில் குடித்து எழும்பிய பிறகுதான் பாயில் இருந்தவர்களைக் கூப்பிடுவார்கள். பாயில் இருந்த இன்னொரு குடும்பம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு சபைக்குப் போய்விட்டது.

இராசமலர் போகவில்லை. காரணம் அந்தக் கிண்ணம். கடைசியாய் என்றாலும் அதில் அவள் வாய் வைத்தாள். ஊரில் வேறு எந்த ஏதனத்திலும் அவளுக்கு அது வாய்க்கவில்லை. அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. மகள் செல்வநாயகி கடைசியாய்க் குடிக்கக் கூடாது. பிள்ளை வளர்ந்து, ஞானோபதேசம் படித்து, சபையின் முழு அங்கத்தவராகத் திடப்படுத்தல் பெறுகிற அன்று மற்றப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் முழங்காலிட்டு, அவர்களுக்குச் சமமாய் வாங்கவேண்டும்.

அறுபதுகளின் கடைசியில் தேத்தண்ணிக் கடைகளிலும் கோயில்களிலும் எங்களையும் உள்ளே விடு என்று சனம் கிளம்பியது. ஊரெல்லாம் அடிபிடி. அந்தச் சூடு இந்த லுத்தரன் கோயிலுக்குள்ளும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் பாயைக் காணவில்லை. புதிதாய் வந்த போதகர் தேவராசா ஐயர், யாரும் எங்கேயும் இருக்கலாம், எந்த வரிசையிலும் முழங்காலிடலாம் என்று சொல்லிவிட்டார். சொன்னதுதான் தாமதம், இராசமலர் முதல் வரிசையிலேயே போய் முழங்காலிட்டாள். பக்கத்தில் மூப்பர் கனகசபாபதியின் மனைவி பத்மாசினி. கிண்ணம் இராசமலரிடமிருந்து பத்மாசினிக்குப் போனது. பத்மாசினி குடித்தாளா, குடிப்பதுபோல உதட்டைக் குவித்தாளா என்று இராசமலர் கடைக்கண்ணால் பார்த்தாள். சரியாகத் தெரியவில்லை.

அடுத்த மாதம் கிண்ணம் அலுமாரிக்குள் போய்விட்டது. அதற்குப் பதிலாக ஒரு தட்டு நிறையச் சின்னக் கிளாஸ்கள், ஆளுக்கொன்று. காசநோய் பரவுகிறதாம், கொழும்பிலும் இப்படித்தான் கொடுக்கிறார்களாம் என்று மூப்பர் அறிவித்தார். காசநோய் என்ன, போன மாதம்தானா கப்பலில் வந்து இறங்கியது? சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று இராசமலர் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அன்று முதல் அவள் ஜெபத்துக்குக் கண்ணை மூடுவதை விட்டுவிட்டாள். மூப்பர் மற்றவர்களிடம் தட்டை நீட்டுவார். அவர்களே எடுத்துக் குடித்துவிட்டு வெறுங் கிளாஸைத் தட்டிலேயே வைப்பார்கள். இராசமலர் வீட்டாரிடம் வந்தால் மூப்பர் தன் கையாலேயே கிளாஸை எடுத்துக் கொடுப்பார். குடித்து முடிய, கை நீட்டி வாங்கி, தேத்தண்ணிக் கோப்பைப் பீரிசு ஒன்றில் தனியே வைப்பார். இவ்வளவு பெரிய மனிதர் தன் கையால் எடுத்துத் தருகிறாரே என்று சிமியோனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இராசமலரின் கண் அந்தப் பீரிசிலேயே நின்றது.

இன்னொன்றும் கவனித்தாள். மற்றவர்களுடைய கிளாஸ்கள் நாளாக நாளாக மங்கிக்கொண்டு வந்தன. அவர்களுடையது மட்டும் ஒவ்வொரு மாதமும் பளபளவென்று இருந்தது. அடியில் விரலை வைத்தால், கடைக்காரன் ஒட்டிய கடதாசியின் பசை ஒட்டியது. வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள்.

“உமக்கு ஒண்டும் தராட்டிலும் பிழை, புதுசாத் தந்தாலும் பிழை” என்றான் சிமியோன்.

“எங்களுக்கு ஆர் எப்ப புதுசு தந்தவை?” என்று கேட்டாள் இராசமலர்.

சிமியோன், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று முணுமுணுத்துக்கொண்டு படுத்துவிட்டான். அவள் சும்மா இருக்கவில்லை. அடுத்த திருவிருந்து முடிந்ததும் கோயில் கிணற்றடிக்குப் போய், கிளாஸ்களைத் தான் கழுவித் தருவதாகப் பத்மாசினியிடம் கேட்டாள். வீட்டில் வேலைக்கு ஆள் வைத்திருக்கிற பத்மாசினி இந்தக் கிளாஸ்களை மட்டும் தன் கையாலேயே கழுவுவாள். நீ ஏன் பிள்ளை கரைச்சல்படுகிறாய் என்று தேனாய்ப் பேசி அனுப்பிவிட்டாள். வழியில் அந்தத் தேன் இராசமலருக்குக் கசந்தது.

செல்வநாயகியின் திடப்படுத்தலுக்கு முந்தின வாரம், உபதேச வகுப்புப் பிள்ளைகள் கோயில் வளவைத் துப்புரவாக்கினார்கள். வேலியோரம் செம்பரத்தை நடக் கிடங்கு வெட்டிய செல்வநாயகியின் கையைக் கண்ணாடி வெட்டிவிட்டது. தோண்டத் தோண்ட உடைந்த கண்ணாடிதான் வந்ததாம். காயத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு வந்த பிள்ளை, வெட்டிய துண்டையும் தாயிடம் கொடுத்தாள். சின்னக் கிளாஸ் ஒன்றின் அடிப்பாகம். அதில் பசை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

தராசுத் தட்டைத் தடவுவதுபோல இராசமலர் அதன் அடியைத் தடவிப் பார்த்தாள். வாழ்நாளெல்லாம் எதையும் நம்பாத அந்த மனுஷி, தன் சந்தேகம் பொய்யாய்ப் போகவேண்டும் என்று முதல்தடவையாக ஆசைப்பட்டாள். மனம் அவ்வளவு வலித்தது.

துண்டை எடுத்துக்கொண்டு ஐயரிடம் போனாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுவும்போது உடைந்திருக்கும் என்றார்.

“எங்கடை மட்டுமோ ஐயா உடையும்?”

ஐயர் துண்டை மேசையில் வைத்துவிட்டு நெற்றியைத் தடவினார். மூப்பரிடம் விசாரிக்கிறேன், முதலில் பிள்ளைகளின் காரியம் நல்லபடி முடியட்டும் என்றார். அவருக்கு முன்பே தெரியுமா, இப்போதுதான் தெரிந்ததா? முகத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தும் இராசமலருக்குப் பிடிபடவில்லை. இந்தச் சபையில் சேரவே வேண்டாம் என்று பிள்ளையை மறித்துவிடலாமா என்று யோசித்தாள். சிமியோன் ஒரேயடியாய் வேண்டாம் என்றான். செல்வநாயகியோ கேள்வி பதில் முழுவதையும் பாடமாக்கி வைத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மறிக்க மனம் வரவில்லை.

அந்த ஞாயிறு கோயில் நிறையச் சனம். மூப்பரின் பேரனுக்கும் அன்றுதான் திடப்படுத்தல் என்பதால் கொக்குவிலிலிருந்து அவருடைய சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். விருந்தாளிகளுக்கு மங்கிய கிளாஸில் கொடுக்கலாமா? மூப்பர் எல்லாவற்றையும் புதிதாகவே வாங்கிவிட்டார். தட்டு முழுக்க ஒரே பளபளப்பு. இராசமலர் அதைப் பார்த்தாள். சந்தையில் நல்ல காயைக் கண்டால் அவள் கண் எப்படிச் சுருங்குமோ அப்படிச் சுருங்கியது.

பிள்ளைகள் ஒரு வரிசையாய் முழங்காலிட்டார்கள். பெற்றவர்கள் அவரவர் பிள்ளைக்குப் பக்கத்தில். மூப்பர் வழக்கம்போல இராசமலர் வீட்டாருக்குத் தன் கையால் எடுத்துக் கொடுத்தார். செல்வநாயகி கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். மூப்பர் பெரிய தட்டை அவர்களுக்கு முன்னால் இருந்த தடுப்புப் பலகையில் வைத்துவிட்டு, பீரிசை ஏந்திக்கொண்டு கை நீட்டினார். இராசமலர் மகளின் கையிலிருந்த கிளாஸை வாங்கினாள், புருஷனுடையதையும் வாங்கினாள். தன்னுடையதோடு சேர்த்து மூன்றையும் பெரிய தட்டில், மற்றவர்களின் வெறுங் கிளாஸ்களுக்கு நடுவில் வைத்தாள். வைத்துவிட்டு, கூடையில் கத்தரிக்காய் புரட்டுவதுபோல அத்தனையையும் ஒரு புரட்டுப் புரட்டினாள். மூப்பரின் கை நீட்டியபடியே நின்றது. கடவுள் சந்நிதியில், அதுவும் கொக்குவில் சம்பந்திகளுக்கு முன்னால், அவரால் அவளைத் தடுக்க முடியவில்லை.

ஆராதனை முடிந்தது. வளவெல்லாம் சனம். ஐயர் பிள்ளைகளுக்குக் கை கொடுத்துக்கொண்டு நின்றார். பத்மாசினி கிணற்றடியில் தட்டை வைத்து, ஒரு கிளாஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். பிறகு மற்றொன்று. எல்லாவற்றிலும் பசை. பேரன் குடித்த கிளாஸும் அவற்றுக்குள்தான் இருந்தது. இராசமலர் கொஞ்சம் தள்ளி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.

ஆத்திரமா பயமா, பத்மாசினிக்கு யோசனை தப்பிவிட்டது. இத்தனை காலம் தேனில் மூடி வைத்ததை, அத்தனை சனத்துக்கும் ஐயருக்கும் கேட்கும்படி தன் வாயாலேயே போட்டு உடைத்தாள்.

“இராசமலர், நீ குடிச்ச கிளாஸ் எது?”

வளவில் நின்றவர்கள் எல்லாரும் கிணற்றடிப் பக்கம் திரும்பினார்கள். சிமியோன் அப்போதுதான் நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்தான். ஏன் அதைத் தேடுகிறாள் என்று கேட்கவேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை.

“தெரியேல்லை அக்கா” என்றாள் இராசமலர். “எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு.”

பத்மாசினி சுற்றிப் பார்த்தாள். மூப்பர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் குந்தி இருந்து, வாளியைச் சரித்து, ஒவ்வொன்றாய்க் கழுவத் தொடங்கினாள். ஐயர் இராசமலரிடம் வந்து, தன்மேலும் பிழை இருக்கிறது, இனி இப்படி நடக்காது, தான் பொறுப்பு என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்.

இராசமலர் மகளைச் சிமியோனோடு அனுப்பினாள். தான் மட்டும் கிணற்றுக் கட்டில் வசதியாய்ச் சாய்ந்துகொண்டாள்.

“நீங்கள் போங்கோ ஐயா” என்றாள். “நான் நிண்டு பாத்திட்டு வாறன்.”