கறுப்புக் காரில் விழுந்த வட்டங்கள்

கொட்டகையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். டிரைவர் அண்ணன். அவர் மகள், கல்யாணப் பெண். பட்டறைச் சீனர், போலிஷ் மெசின் வைத்திருந்தவர். என் வீட்டுக்காரர். நான். அப்புறம் கார்.

காரையும் ஆள் கணக்கில் சேர்க்க வேண்டும். நல்ல கறுப்பு. கிட்டே போனால் நம்மை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும்.

காஜா பேராங்கில் எங்கள் டோபிக் கடைக்கு அடுத்த வேலி, அண்ணன் கார் ஓட்டிய முதலாளி வீடு. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதில் கார், பக்கத்து அறையில் அண்ணனும் மகளும். தாயில்லாத பெண். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்குத் தலை பின்னி விட்டது நான்தான்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. முதலாளி செட்டிநாட்டுக்காரர். இங்கேயே இருப்பதா ஊருக்குப் போவதா என்று ரொம்ப நாள் யோசித்தார். போவது என்று முடிவு பண்ணிவிட்டார். காரை சிங்கப்பூரில் ஒருத்தருக்குக் கொடுப்பதாகப் பேசி வைத்திருந்தார். அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"உன் மக கல்யாணம் முடியட்டும்ப்பா. அன்னைக்கு வண்டி உன்னுது. அதுக்கப்புறம்தான் கொடுப்பேன்."

ஜப்பான்காரன் போன பிறகு வாங்கிய கார். வாங்கிய நாளிலிருந்து அண்ணன்தான் ஓட்டுகிறார். மகளை அதில் ஒரு தடவை உட்கார வைத்ததில்லை. கேட்டிருந்தால் முதலாளி சரி என்றிருப்பார். இவர் கேட்கவில்லை. அவளும் கேட்டதில்லை. காலையில் கொட்டகைக் கதவைத் திறந்து விடுவாள். கார் போனதும் சாத்துவாள்.

முதலாளி அப்படிச் சொன்னதும் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் காருக்கு ஒரு பூசை போட்டுவிட வேண்டும் என்றார். துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போனார். குருக்கள் முன்பக்கமெல்லாம் பட்டையாகத் திருநீறு பூசி, சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பினார். அண்ணனே கையோடு கொண்டுபோன திருநீற்றைக் கதவுக்கும் மட்காடுக்கும் பூசினார். ஒரு இடம் பாக்கியில்லை.

அங்கிருந்து நேராகப் பட்டறை. சீனர் புதிதாக மெசின் வாங்கியிருந்தார். மின்சாரத்தில் சுற்றும், நுனியில் ஆட்டுரோமத் தொப்பி. அவர் முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவப் போனார். அண்ணன் குறுக்கே நின்றுவிட்டார்.

"சாமி திருநீறு. சாக்கடையில போகக் கூடாது."

வேட்டி நுனியால் துடைத்துக் கொடுத்தார். துடைத்ததில் பாதி போயிற்று, பாதி இருந்தது. அதன் மேலேயே மெசின் ஓடியது. திருநீற்றில் இருந்த மணலும், காய்ந்த சந்தனமும் தொப்பிக்கு அடியில் சுற்றின.

நிழலில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி போல இருந்தது. அண்ணன் பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டி வந்தார். முதலாளி வாசலில் வெயில். அங்கே நிறுத்தியதும் தெரிந்தது. கார் முழுக்க வட்டம். வட்டத்துக்குள் வட்டம். சிக்குக் கோலம் போட்ட மாதிரி. சூரியன் எந்தப் பக்கம் பட்டாலும் அதைச் சுற்றிக் கோலம்.

முதலாளி சத்தம் போடவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.

"சனிக்கிழமை காலையில இதே இடத்துல, இதே வெயில்ல நிறுத்து. பார்க்கிறேன். இப்படியே இருந்தா புதுசா சாயம் அடிக்க அப்பவே சிங்கப்பூருக்கு அனுப்பிடுவேன். நீ வாடகை வண்டி பார்த்துக்க."

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சீனர் சைக்கிளில் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. காரைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, உச்சுக் கொட்டினார். மலாயில்தான் பேசுவார். அண்ணனைவிடச் சின்னவர். ஆனாலும் தமிழன் யாராக இருந்தாலும் அவருக்குத் தம்பிதான்.

"மெசின் இனி வேண்டாம் தம்பி. கைதான். நேராகத் தேய்க்கணும். வட்டமா தேய்ச்சா நான் வீட்டுக்குப் போயிடுவேன்."

"வட்டமா தேய்ச்சதே நீதானேய்யா," என்றார் அண்ணன்.

"சாமியை உள்ளே வெச்சுத் தேய்க்கச் சொன்னது யாரு?"

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தார்.

முதலில் கழுவ வேண்டும். அதிலும் திருநீறு சாக்கடைக்குப் போக அண்ணன் விடவில்லை. மேலேயிருந்து தண்ணீர் விட, கீழே நாங்கள் தகர டப்பாவும் வாளியும் வைத்துப் பிடித்தோம். பிடித்ததையெல்லாம் கொண்டுபோய்ச் செம்பருத்திச் செடி மூட்டில் ஊற்றினார். சீனரும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

துணி நான் கொடுத்தேன். பழைய மல் வேட்டி, கஞ்சி போடாதது. கஞ்சி இருந்தால் அதுவே கீறும். சீனர் மெருகுப் பசையைத் தண்ணீர் விட்டுப் பால் போலக் கரைத்தார். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். "பெலான் பெலான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மெதுவா, மெதுவா என்று. ஆளுக்கு ஒரு கதவு.

கல்யாணப் பெண்ணும் துணி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நீ உள்ளே போ. பந்தக்கால் நட்டாச்சு. வெளியே வரக் கூடாது," என்றார் அண்ணன்.

"கொட்டகை வெளியேயா அப்பா?"

"கையில மஞ்சள் இருக்கு."

"இடது கையில இல்ல." இடது கையால் தேய்க்க ஆரம்பித்தாள்.

"மாப்பிள்ளை வந்து, பொண்ணு கை ஏன் சொரசொரன்னு இருக்குன்னு கேட்டா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கார் கழுவுற வீட்டுல பொண்ணு எடுத்தீங்கன்னு சொல்லுங்க சித்தப்பா."

வெயில் ஏறியதும் காரைத் தள்ளி வெளியே கொண்டுவருவோம். பார்ப்போம். எங்கே வட்டம் நிற்கிறதோ அதை மனசில் வைத்துக்கொண்டு உள்ளே தள்ளுவோம். வெயிலில் வைத்துத் தேய்த்தால் சாயம் இளகிவிடும். ஆறும்வரை காத்திருந்து மறுபடி தேய்ப்போம்.

எனக்குப் பின்கதவு. தேய்க்கத் தேய்க்கக் கை தானாகப் போக ஆரம்பித்தது. அப்புறம் நான் கையைப் பார்க்கவில்லை. கதவுக்குள் பார்த்தேன். அங்கே ஒரு காஜா பேராங் இருந்தது. தென்னை மரம் கீழ்நோக்கி வளைந்து நின்றது. கடல் பக்கமிருந்து மேகம் ஒன்று வந்து, என் தோளில் ஏறி, மெதுவாகக் கழுத்தைத் தாண்டிப் போனது. ரிக்‌ஷா ஒன்று சத்தமில்லாமல் போனது. எங்கள் கடைக் கொடியில் வெள்ளை வேட்டிகள் தண்ணீருக்கு அடியில் ஆடுகிற மாதிரி ஆடின. அந்த ஊரில் யாரும் பேசவில்லை. எங்கேயும் போகப்போவதாகவும் தெரியவில்லை. அவள் அடுத்த கதவில் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் கதவின் ஓரத்தில் அவள் முழங்கை மட்டும் வந்து வந்து போனது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். கேட்டது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

கடைசியில் மாவு. சீனர் மரவள்ளி மாவு கேட்டார். கடையில் கஞ்சிக்கு வைத்திருந்தேன். மெல்லிய துணியில் சலித்துக் கொண்டுவந்தேன். ஈரம் ஒற்றிய உள்ளங்கையில் மாவைத் தொட்டு, துணியில்லாமல் வெறும் கையால், மறுபடி நேராக. கறுப்பின் மேல் வெள்ளை பரவி மறைந்தது. கை சூடாயிற்று. அதற்கப்புறம் அந்தக் கறுப்பைத் தொட்டால் தொட்ட மாதிரியே இல்லை.

சாயங்கால வெயிலில் வெளியே தள்ளினோம். கதவில் சூரியன் ஒரே பொட்டாக நின்றது. சுற்றி ஒன்றுமில்லை. அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

ஆனால் இடது பக்கப் பின் மட்காடில் கையகலத்துக்குக் கோலம் அப்படியே இருந்தது. அந்த இடத்தில் சாயம் மெலிசு. சீனர் விரலால் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"இனி தேய்ச்சா அடியில இருக்கிற சிவப்புச் சாயம் தெரியும். விடு தம்பி."

"அந்தப் பக்கம் சுவரை ஒட்டி நிறுத்திடுங்க. முதலாளி சுத்தி வரமாட்டார்," என்றார் என் வீட்டுக்காரர்.

அண்ணன் காரைக் கொட்டகைக்குள் தள்ள ஆரம்பித்தார்.

சனிக்கிழமை காலையில் வாசலில் நிறுத்தினார். இடது பக்கம் வெயிலுக்கு நேராக இருக்கும்படி நிறுத்தினார். வேலிக்கு இந்தப் பக்கமிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இஸ்திரிப் பெட்டி கையில். கரி அணைந்தது தெரியவில்லை.

முதலாளி முன்பக்கத்தைப் பார்த்தார். கதவுகளைப் பார்த்தார். குனிந்து தன் முகத்தைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

"இங்கே இன்னும் இருக்கு முதலாளி," என்றார் அண்ணன். தானே கை நீட்டிக் காட்டினார். "இதுக்கு மேல போகாது. தேய்ச்சா சாயம் போயிடும்."

முதலாளி அதைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவள் கொட்டகைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பொண்ணு எந்தப் பக்கமா ஏறுவா?"

"இடது பக்கம்தான் முதலாளி."

"சேலை மறைச்சுக்கும்," என்றார். "ரோஜா இதழ் மாலை கட்டு. சாமந்தி வேண்டாம், காம்பு குத்தும். சாயத்துல படாம கட்டு."

உள்ளே போய்விட்டார். அண்ணன் அந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பெட்டிக்குக் கரி போடப் போனேன்.

ஞாயிறு காலையில் அவளை இடது பக்கமாக ஏற்றி, சேலையை உள்ளே எடுத்து விட்டேன். பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். அண்ணன் புதுச் சட்டையில் ஓட்டினார். அவ்வளவு மெதுவாக அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை. ரிக்‌ஷாக்காரன் முந்திக்கொண்டு போனான். அவள் வெளியே பார்க்கவில்லை. அப்பாவின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். முன்னால் எஞ்சினின் கறுப்பு மூடியில் கடை வீடுகளின் ஓடுகளும், பள்ளிவாசல் கோபுரமும், வானமும் எங்களை நோக்கி வழிந்து வந்துகொண்டே இருந்தன.

"சித்தி, தூக்கம் வர்ற மாதிரி இருக்கு," என்றாள்.

"தூங்கு. கோயில் வந்ததும் எழுப்புறேன்."

தூங்கவில்லை.

கோயிலுக்கு முதலாளி ரிக்‌ஷாவில் வந்தார். கார் எங்களிடம் இருந்ததே. தாலி கட்டி முடிந்து திரும்பும்போது, பொண்ணு மாப்பிள்ளை மட்டும் என்றுதான் பேச்சு. மாப்பிள்ளையின் தாயார் ஏறினார். அவர் மடியில் ஒரு பிள்ளை. சீனர் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். அவரை என் வீட்டுக்காரர் முன் சீட்டில் தள்ளினார். தாம்பாளத்தோடு இரண்டு பெண்கள். அதற்கப்புறம் யார் யார் ஏறினார்கள் என்று தெரியவில்லை. கதவைச் சாத்த வெளியிலிருந்து ஆள் தேவைப்பட்டது.

"முதலாளி, நீங்க?" என்றார் அண்ணன், கழுத்தைத் திருப்ப முடியாமல்.

"எனக்கு எங்கேப்பா இடம்?" என்றார். அப்படிச் சொல்லிக்கொண்டே முன்பக்கமாக ஏறி, சீனர் மடியில் பாதி உட்கார்ந்தார்.

வீட்டு வாசலில் ஒவ்வொருவராக இறங்கினார்கள். முதலாளி பக்கத்தில் நின்று விரல் விட்டு எண்ணினார்.

பதினான்கு பேர்.